மச்சானிடம் நாங்கள் பேசாத பத்து மாதம்

எங்கள் ஊரில் யாரும் என் மச்சானை அடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டுக் கூரையில் தீ வைக்கவில்லை, வைக்கோல் படப்பைக் கலைக்கவில்லை, மாட்டை அவிழ்த்துவிடவில்லை. பேசாமல் இருந்தோம், அவ்வளவுதான். பேசாமல் இருந்தே ஓர் ஆளைச் சாகடித்துவிடலாம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி நடந்தது. திருமங்கலத்துக்கு மேற்கே வண்டிப் பாதையில் எங்கள் ஊர். கண்மாய்ப் பாசனம் பாதி, கரிசல் பாதி. மச்சான் என்று நான் சொல்வது என் அக்காள் புருஷனை. உள்ளூர்க்காரர்தான். எங்கள் வயலும் அவர் வயலும் ஒரே வரப்பில் இருந்தன. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு, உத்தியோகம் ஒன்றும் அகப்படாமல், அப்பாவோடு வயலில் கிடந்தேன். அப்பா ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேரில் ஒருவர்.

மச்சானைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அப்படி ஒரு பேச்சு. பாதையில் முன்பின் தெரியாதவன் போனாலும் நிறுத்தி, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, மழை அங்கே எம்புட்டு என்று கேட்டு முடித்துத்தான் விடுவார். கிணற்றில் கமலை இறைக்கும்போது மாட்டோடு பேசுவார், சாப்பிடும்போது சோற்றோடு பேசுவார் என்று அக்காள் கேலி செய்வாள். ஆளும் நல்ல வாட்டசாட்டம். களத்திலிருந்து நெல் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு வரும்போதுகூடப் பேச்சு நிற்காது. என்னைக் கண்டால், "ஏ மாப்ள, படிச்சவனே, பத்திரிகையில என்ன போட்டிருக்கான்?" என்று தூரத்திலிருந்தே கத்துவார்.

அந்த வாய்தான் வினையாயிற்று. சித்திரையில் கண்மாயில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. பக்கத்துச் சேரியில் ஓர் ஆள் கூலிவேலை செய்துகொண்டே கொஞ்சம் நிலத்தை, விளைச்சலில் பங்கு தருகிற வாரத்துக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தான். பயிர் வாடுகிறது என்று, முறை வருமுன்னே பட்டப்பகலில் மடையைத் திறந்துவிட்டான். என் சித்தப்பா மண்வெட்டிப் பிடியால் ஓங்கி அடித்தார். அவன் கை முறிந்துபோயிற்று. திருமங்கலத்திலிருந்து போலீஸ் வந்தது. கல்லில் வழுக்கி விழுந்துவிட்டான், நாங்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்று ஊரே ஒரே வாயாகச் சொன்னது. நானும் சொன்னேன். நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன்.

மடைக்குப் பக்கத்து வயல் மச்சானுடையது என்பதால் அவருக்குச் சம்மன் வந்தது. கோர்ட்டில் வக்கீல் கேட்டார், "பார்த்தீரா?" என்று. "பார்த்தேன்" என்று சொல்லிவிட்டார். வண்டியில் திரும்பி வரும்போது நான் ஆத்திரம் தாங்காமல், "ஏன் மச்சான் சொன்னீங்க?" என்று கேட்டேன். "மூஞ்சிக்கு நேரா ஒருத்தன் கேக்குறான் மாப்ள. பதில் சொல்லாம எப்படி நிக்கிறது?" என்றார். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாத மனுஷன், பாவம். சித்தப்பாவுக்கு மூன்று மாதம் ஜெயில் கிடைத்தது.

வைகாசியில் சாவடியில் கூட்டம் போட்டார்கள். அந்த வீட்டுக்கு இனிமேல் நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, பேச்சு இல்லை என்று தீர்ப்பாயிற்று. சவரம் செய்பவரும் துணி வெளுப்பவரும் போகக் கூடாது. சேரியிலிருந்து வேலைக்கு ஆள் போகக் கூடாது. போனால் அவர்களுக்கு ஊரில் வேறு வீட்டில் வேலை கிடையாது. யாராவது பேசினால் பேசியவர் வீடும் அதோடு சேரும். அப்பா எழுந்து நின்று, "என் மகள் வீடுன்னு பார்க்க வேண்டியதில்லை" என்றார். கூட்டம் அவரை மெச்சியது. எனக்கும் பெருமையாக இருந்தது. மறைப்பானேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தேன்.

அப்பா அக்காளுக்கு ஆள்விட்டு, நீ வந்துவிடு, உன்னை ஊர் ஒதுக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தார். "நான் வந்துட்டா அவரு சாப்பிடையில யாரோட பேசுவாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் ஒரு மாதம் மச்சான் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். வரப்பில் நின்று, "என்ன மாப்ள, நாக்குல சுளுக்கா?" என்பார். நான் குனிந்து களை பிடுங்குவேன். "சரி, நீ பேசாட்டிப் போ, நான் பேசுறேன்" என்று அவர் பாட்டுக்கு அரைமணி நேரம் பேசுவார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைத் தூக்காமல் இருப்பேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் கொல்லையும் அக்காள் வீட்டுக் கொல்லையும் ஒரே வேலி. அம்மா எங்கள் எருமையிடம் போய் நின்றுகொண்டு உரக்கச் சொல்வாள்: "ஏண்டி, தலைவலிக்குச் சுக்கை அரைச்சுப் பத்துப் போட்டியா? உன் சின்னாத்தா மகளுக்கு ஆம்பளப் பிள்ளை பொறந்திருக்காம்ல." வேலிக்கு அந்தப் பக்கம் அக்காள் தன் கோழிகளுக்குப் பதில் சொல்வாள். எருமையோடு பேசக் கூடாது என்று சாவடியில் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லையே. மற்றப் பெண்களும் அக்காள் தண்ணீர் எடுக்கும் நேரம் பார்த்துக் குடத்தோடும் கயிற்றோடும் பேசினார்கள். ஆம்பளைகளான எங்களுக்கும் இது தெரியும். தெரியாதது போல இருந்தோம். ஆனால் எங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஆண் என்றால் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று ஒரு வீம்பு. அக்காள் அந்த வருஷம் இளைத்துக் கறுத்தாளே தவிர, உயிரோடு இருந்தாள். இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த வருஷம் ஊரில் மற்ற எல்லோரும் ரொம்ப நன்றாக இருந்தோம். அதுவரை வாய்க்கால் தகராறு, பங்காளித் தகராறு என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருந்தவர்கள்கூட, ஒருத்தரை ஒதுக்கி வைத்த பிறகு ஒன்றாகிவிட்டார்கள். தினம் சாயங்காலம் சாவடி நிறைந்திருக்கும். அப்பாவுக்கு வருஷக்கணக்காக இருந்த மூட்டுவலிகூட அப்போது விட்டுப்போயிருந்தது. பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது என்று சந்தோஷமாகச் சொல்வார். அந்த வேடிக்கையைப் பிற்காலத்தில்தான் யோசித்துப் பார்த்தேன். அவருக்குப் பசி வந்த வருஷத்தில்தான் மச்சானுக்குப் பசி போயிற்று.

ஆவணியில் மச்சான் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வரப்பில் வந்து நிற்பார், என்னைப் பார்ப்பார், போய்விடுவார். கமலை மாட்டை ஓட்டும் சத்தமும் நின்றுவிட்டது. கைதட்டித்தான் ஓட்டினார். ஆரம்பத்தில் திருமங்கலம் போய்ச் சவரம் செய்துகொண்டவர், அதையும் விட்டுவிட்டார். தாடி வளர்ந்தது. தாடிக்கு மேலே கன்னம் ஒட்டி எலும்பு தெரிந்தது. இடுப்பு வேட்டியை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்ற வேண்டியிருந்தது. ஒரு நாள் விதைநெல் மூட்டையைத் தூக்கப்போய், முழங்கால் மட்டம் வந்ததும் கீழே போட்டுவிட்டு, மார்பைப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வரப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஓடிப் போய்த் தூக்கிவிடக் காலில் துடிப்பு வந்தது. போகவில்லை.

கை முறிந்த அந்த ஆள் மட்டும் ஒரு தடவை வந்தான். கோணலாகக் கூடிய கையால் ஒரு கலயம் கேப்பைக் கூழைக் கொண்டுவந்து மச்சானின் வரப்பில் வைத்தான். மச்சான் எழுந்து அவனைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவன் இருபுறமும் பார்த்தான், நான் நிற்பதைக் கண்டான், விறுவிறுவென்று போய்விட்டான். அவனுக்கும் ஐந்து பிள்ளைகள், வேலை எங்கள் வயல்களில்தான். மச்சான் அந்தக் கலயத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஐப்பசியில் நடந்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. சாயங்காலம் சாவடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மச்சான் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். யாரும் நிமிரவில்லை. அவர் ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. நெடுஞ்சாண்கிடையாக மண்ணில் விழுந்தார். "தெரியாமச் சொல்லிட்டேன். மன்னிச்சுருங்க. ஏதாச்சும் ஒரு வார்த்தை பேசுங்க. வைஞ்சாச்சும் விடுங்க" என்றார். ஒதுக்கி வைத்தவனைத் திரும்பச் சேர்ப்பது பங்குனிப் பொங்கலில்தான் என்பது எங்கள் ஊர் வழக்கம். அதற்கு முன் யாராவது வாயைத் திறந்தால் தீர்ப்புக் கெட்டுவிடும். முதலில் அப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். நானும் எழுந்தேன். திரும்பிப் பார்த்தபோது, ஆளில்லாத சாவடிக்கு முன்னால் அவர் இன்னும் விழுந்தபடியே கிடந்தார்.

அதற்குப் பிறகு அவர் வயலுக்கு வருவது நின்றது. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்று அக்காள் கோழிகளிடம் சொல்வதை அம்மா கேட்டுவந்து அழுதாள். ஊரில் அதற்கு ஒரு காரணம் சொன்னார்கள்: அம்மன் குத்தம். ஊருக்குத் துரோகம் செய்தவனை அம்மன் சும்மா விடுமா என்றார்கள். எங்கள் வாய்கள்தான் அவரைத் தின்கின்றன என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் உடற்கூறு எல்லாம் படித்தவன் நான். ஈரல் எங்கே, இரைப்பை எங்கே என்று கேட்டால் படம் போட்டுக் காட்டுவேன்.

தைப் பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் ஐந்து பேரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். சித்தப்பாவே பேச்சை எடுத்தார். "போதும்ணே. அவன் விழுந்து கும்பிட்டுட்டான். எனக்கும் ஆத்திரம் ஆறிப்போச்சு" என்றார். பங்குனியில் சேர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. எங்கள் ஊரில் அம்மனுக்கு வெட்டிய கிடாய்களைக் கோயில் வாசலில் பனையோலையில் கூறு கூறாக வைத்து, ஒவ்வொரு வீட்டுப் பெயராகக் கூப்பிடுவார்கள். ஒதுக்கி வைத்தவன் பெயரை அன்றைக்குக் கூப்பிட்டுவிட்டால் அவன் ஊரில் சேர்ந்தாயிற்று. பெயர் எழுதும் வேலை என்னுடையது என்பதால்தான் என்னையும் உட்கார வைத்தார்கள். மச்சான் பெயரை நான் என் கையால் எழுதினேன்.

அப்பா எல்லோரையும் பார்த்து எச்சரித்தார்: "கூப்பிடுற வரைக்கும் அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவன் கேட்டு வாங்கினதா ஆயிரும். ஊரு தானா குடுத்ததா இருக்கணும்." இதுவும் பழைய வழக்கம்தான். முன்கூட்டித் தெரிந்துவிட்டால் அந்த வருஷம் சேர்க்கக் கூடாது, அடுத்த பங்குனிவரை காத்திருக்க வேண்டும். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க ஆத்தா காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா எருமைக்குப் போயிரும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் இரண்டு மாதம்தான், பிறகு மச்சான் வரப்பில் நின்று என்னைக் கேலி செய்வார் என்று நினைத்துக்கொண்டேன். மன்னித்துவிட்டோம், ஆனால் மன்னித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டோம். இதில் இருக்கும் பைத்தியக்காரத்தனம் அறிவுள்ள அத்தனை பேரில் ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஊரே வாயைப் பிளந்தது. அக்காள் மச்சானை வைக்கோல் மேல் படுக்க வைத்து, தானே மாட்டைப் பூட்டி, வண்டியை ஓட்டிக்கொண்டு தெரு வழியாகப் போனாள். எங்கள் பக்கத்தில் அதுவரை ஒரு பெண் வண்டியோட்டிப் பார்த்ததில்லை. திருமங்கலத்தில் வண்டியை விட்டுவிட்டு, பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாள் என்று பிறகு தெரிந்தது.

மாசியில் கமலைக்குத் தோல் வாங்க அப்பா என்னை மதுரைக்கு அனுப்பினார். பஸ் பழங்காநத்தம் தாண்டும்போதே எனக்கு மனசு அடித்துக்கொண்டது. தோலை வாங்கித் தெரிந்த கடையில் போட்டுவிட்டு, கால் தானாக ஆஸ்பத்திரிக்கு நடந்தது. பேசப் போகவில்லை, பார்க்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பார்க்கக் கூடாது என்று தீர்ப்பில் இல்லை.

வார்டு வாசலில் போய் நின்றவன் திடுக்கிட்டுப்போனேன். மச்சான் சிரித்துக்கொண்டிருந்தார். தாடியில்லை. நான்கு பேர் கட்டில்களுக்கு நடுவே தரையில் கரிக்கோடு போட்டு ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்கள். காலில் பெரிய கட்டோடு ஒரு பாய், கையில் தீக்காயம் பட்ட மில் தொழிலாளி, இருமிக்கொண்டே இருந்த பூக்கட்டுகிற பெரியவர் ஒருவர், எங்கள் மச்சான். "அண்ணே, உங்க புலியைக் கட்டியாச்சு, எந்திரிங்க" என்று பாய் சொல்ல, "இருங்க பாய், எங்க ஊருப் புலி அம்புட்டு லேசுல மாட்டாது" என்று மச்சான் கத்தினார். அதே குரல். ஆறு மாதமாக நான் கேட்காத அந்தக் கலகலப்பான குரல்.

பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த ஆயாவிடம், "அவருக்கு என்ன நோவு?" என்று கேட்டேன். "அந்த அண்ணனா? வாரப்ப பொணமாட்டம் வந்தாரு. டாக்டரு தலைகீழாச் சோதிச்சுப் பார்த்துட்டு நோவே இல்லேன்னுட்டாரு. சத்துத் தண்ணிதான் குடுக்குறாக. மூணு நாளு செவத்தப் பார்த்துப் படுத்திருந்தாரு. அந்த பாய் விடாமப் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தாரு. நாலாம் நாளு இவரு பேச ஆரம்பிச்சாரு, அன்னைக்கே சோறும் எறங்கிருச்சு. இப்ப பாருங்க, வாயை மூட வைக்க முடியல" என்றாள்.

முகம் தெரியாத மூன்று பேர் சில நாளில் கொடுத்ததை, சொந்தமும் பந்தமுமாக நாங்கள் அத்தனை பேர் பிடுங்கி வைத்திருந்தோம் என்பது அந்த இடத்தில் என் மண்டையில் அடித்தது. உள்ளே போய்க் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பங்குனியில் உங்களைக் கூப்பிடப் போகிறார்கள் மச்சான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். மதுரையில் என்னை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அவர்தான் குணமாகிவிட்டாரே என்றும் தோன்றியது. இத்தனை நாள் பொறுத்தாயிற்று, இனி ஒரு மாதம். நான் சொல்லி, அது வெளியே தெரிந்து, சேர்த்துக்கொள்வது அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனால்? இப்படியெல்லாம் கணக்குப் போட்டுவிட்டு, நிம்மதியாகத் திரும்பிவிட்டேன். பஸ்ஸுக்குப் போகும் வழியில் ஒரு கடையில் உட்கார்ந்து வயிறு நிறைய இட்லி தின்றேன். அந்தச் சாப்பாட்டின் ருசிகூட நினைவிருக்கிறது.

இரண்டே நாளில் அவர்கள் ஊர் திரும்பினார்கள். குணமாகிவிட்டது, டாக்டர் அனுப்பிவிட்டார் என்று நான் நினைத்தேன். வண்டியிலிருந்து அக்காள் கைத்தாங்கலாக அவரை இறக்கியபோது, பிரயாணக் களைப்பு என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அம்மா வேலியோரம் போய் எருமையிடம் எவ்வளவோ பேசிப் பார்த்தாள். அந்தப் பக்கம் அக்காள் கோழிகளை அழைப்பதே இல்லை.

பங்குனி பிறந்தது. காப்புக் கட்டி எட்டாம் நாள்தான் பொங்கல்; அந்தக் காப்புக் கட்ட இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் மாடு அவிழ்க்கிற நேரத்தில், அக்காள் வீட்டிலிருந்து ஒரு கூப்பாடு கேட்டது. ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

பெரியவர்கள் அரைமணியில் கூடினார்கள். ஆள் போய்விட்டான், இனி மறைக்க என்ன இருக்கிறது, இப்போதே சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். அவ்வளவுதான், அந்தத் தெரு தாங்காத கூட்டம். கொட்டுக்காரர்கள் வந்தார்கள். கோடித் துணி வந்தது. பத்து மாதமாக அந்த வாசலை மிதிக்காத கால்கள் எல்லாம் முற்றத்தில் நெருக்கியடித்தன. எல்லோரும் அவரிடம் பேசினார்கள். "ராசா, எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லய்யா" என்று பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். "மாப்ள, என்னைப் பார்றா" என்று அவர் கூட்டாளிகள் கன்னத்தைத் தடவினார்கள். சித்தப்பா காலடியில் உட்கார்ந்து, "எனக்குக் கோவமே இல்லடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பத்து மாதத்துக்கும் சேர்த்து வைத்திருந்த பேச்சை ஊர் ஒரே காலையில் கொட்டியது. கட்டிலில் காது இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை.

அப்பா வந்தார். எனக்குத் தெரிந்து அவர் அழுதது அன்றைக்கு ஒரு நாள்தான். குனிந்து மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு, "மருமகனே, பத்து நாளு பொறுக்கக் கூடாதா? பொங்கலன்னைக்கு உன் பேரைக் கூப்பிடுறதா தையிலயே முடிவு பண்ணிட்டோமேய்யா" என்று கதறினார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்காளின் அழுகை சட்டென்று நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். கையைக் காட்டி அருகே கூப்பிட்டாள். பத்து மாதத்துக்குப் பிறகு அக்காளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தையிலயேவா?" என்றாள்.

"ஆமாக்கா. சொல்லக் கூடாதுன்னு…"

"அப்ப ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நின்னியே, அன்னைக்கு உனக்குத் தெரியுமா?"

நான் போனது யாருக்கும் தெரியாது என்றே இருந்தேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. "உனக்கு எப்படி…" என்று இழுத்தேன்.

"நான் கஞ்சி வாங்கப் போயிருந்தேன். அவரு பார்த்திருக்காரு" என்றாள் அக்காள். குரலில் கோபமே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். "நான் வந்ததும் சொன்னாரு. 'உன் தம்பி வந்திருந்தான்டி. என்னைப் பார்த்துட்டுப் போயிட்டான். இங்க யாரு இருக்கா அவனைத் தடுக்க? இம்புட்டு நாளும் ஊருக்குப் பயந்துதான் பேசாம இருக்கான்னு நெனச்சேன். அப்படி இல்ல போல. அவனுக்கே நான் வேண்டாம் போல'ன்னாரு. அதோட திரும்பிப் படுத்துட்டாரு. அந்த பாய் வந்து எம்புட்டோ கூப்பிட்டுப் பார்த்தாரு, எந்திரிக்கல. விடிஞ்சதும் 'எங்க இருந்தா என்ன, ஊருக்கே போவோம்'னு கெளம்பிட்டாரு. இன்னும் பத்து நாளு இருக்கச் சொல்லி டாக்டரு சத்தம் போட்டாரு. கேக்கல."

நான் அக்காளின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது பாட்டுக்குக் கிடந்தது. வெளியே பாடை கட்டி முடித்திருந்தார்கள். மைத்துனன் எங்கே, தோள் கொடுக்க வரச் சொல்லுங்கள் என்று யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். முன்பக்கம் இடது தோள் எனக்கு. நெல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே நடந்த மனுஷனைத் தூக்குகிறோம் என்று பல்லைக் கடித்து மூச்சை அடக்கித் தூக்கினேன். கனமே இல்லை.